வாக்குறுதிக்கு விலை வைத்த மனிதர்: மர்ஹூம் அஷ்ரபின் வாழ்வும் இன்றைய வாக்காளரும்

தேர்தல் ஒன்று அறிவிக்கப்பட்டதும் எமது கிழக்கு மாகாணத்துச் சுவர்களுக்கு ஒரு முகம் திரும்பி வந்துவிடும். அது மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரபின் முகம். அன்னார் வபாத்தாகி கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆனாலும் ஒன்றையொன்று கடுமையாக எதிர்த்துப் போட்டியிடும் கட்சிகள்கூட அவரது படத்தைத் தமது மேடையில் வைக்கின்றன. எல்லோரும் அவரது பாசறையில் வளர்ந்தவர்கள், எல்லோரும் அவரது கனவைச் சுமப்பவர்கள். வாக்காளரான நாம் அந்தப் படத்தைப் பார்த்து ஒரு கணம் நெகிழ்ந்து, பிறகு ஊர் பார்த்து, உறவு பார்த்து வாக்களித்துவிட்டு வீடு திரும்புகின்றோம்.

உண்மையான வாரிசு யார் என்ற விவாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. அதை மேடைகளே பார்த்துக்கொள்ளட்டும். நான் அவரது கட்சியில் அங்கத்தவனாக இருந்தவனும் அல்லன், அவரை எதிர்த்து அரசியல் செய்தவனும் அல்லன். எனக்குள்ள கேள்வி வேறு. அந்த மனிதரின் அரசியல் வாழ்வை ஆரம்பம் முதல் முடிவு வரை நிதானமாகப் பார்த்தால், ஒரு கட்சியிடமிருந்து வாக்காளர் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்த்தே ஆகவேண்டும் என்பது தெரிகின்றதா? தெரிகின்றது என்பதே எனது கருத்து. அவர் செய்தவற்றிலிருந்தும் தெரிகின்றது, செய்யாமல் விட்டவற்றிலிருந்தும் தெரிகின்றது.

முஹம்மத் ஹுசைன் முஹம்மத் அஷ்ரப் 1948 ஒக்டோபர் 23 ஆம் திகதி சம்மாந்துறையில் பிறந்தார். நாடு சுதந்திரம் பெற்ற அதே ஆண்டு. வளர்ந்தது கல்முனையில். கல்முனை வெஸ்லி உயர்தரப் பாடசாலையில் படித்து, பின்னர் கொழும்பு சட்டக் கல்லூரிக்குச் சென்று சட்டத்தரணியானார். பிற்காலத்தில் ஜனாதிபதி சட்டத்தரணியாகவும் உயர்ந்தார். சட்டம் அவருக்குத் தொழில் என்றால் கவிதை அவருக்கு உள்மூச்சு. நான் எனும் நீ என்ற அவரது பெரிய கவிதைத் தொகுதி 1999 இல் வெளிவந்தது. ஒரு சட்டத்தரணியின் கணக்கும் ஒரு கவிஞனின் உணர்ச்சியும் ஒரே மனிதருக்குள் இருந்தன என்பதை மனதில் வைத்துக்கொண்டால் அவரது அரசியலை விளங்கிக்கொள்வது இலகு.

அவர் இளைஞராக இருந்த காலத்தில் கிழக்கு முஸ்லிம் வாக்காளரின் நிலை என்ன? தெரிவுகள் இருந்தன. ஐக்கிய தேசியக் கட்சி இருந்தது, ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி இருந்தது, ஒரு காலத்தில் தமிழரசுக் கட்சியும் இருந்தது. 1956 தேர்தலில் தமிழரசுக் கட்சியின் பேரில் கிழக்கில் வென்ற முஸ்லிம் உறுப்பினர்கள் பின்னர் ஆளும் தரப்புக்கு மாறியதை அந்தத் தலைமுறை கண்டது. எமது பிரதிநிதிகளில் நல்லவர்கள் பலர் இருந்தார்கள். பாடசாலை கட்டினார்கள், பாதை போட்டார்கள், தொழில் எடுத்துக் கொடுத்தார்கள். ஆனால் வாக்காளர் தெரிவு செய்தது ஆட்களைத்தான். கட்சியின் கொள்கையைத் தீர்மானிக்கும் மேசை வேறெங்கோ இருந்தது. அந்த மேசையில் எமது மக்களின் விடயம் எப்போது பேசப்படும், எப்போது கைவிடப்படும் என்று கேட்க எமக்கு வழி இருக்கவில்லை.

அஷ்ரபின் முதல் முயற்சி தமிழ் அரசியலோடு கைகோர்ப்பதாக இருந்தது. முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணியில் அவர் முக்கிய பங்கு வகித்தார். 1977 பொதுத் தேர்தலில் அந்த முன்னணி தமிழர் விடுதலைக் கூட்டணியோடு உடன்பாடு கண்டு, அதன் உதயசூரியன் சின்னத்தில் முஸ்லிம் வேட்பாளர்களை நிறுத்தியது. கூட்டணி 18 ஆசனங்களைப் பெற்று பிரதான எதிர்க்கட்சியானது. முன்னணியின் முஸ்லிம் வேட்பாளர்கள் ஒருவரேனும் வெல்லவில்லை.

இந்த அத்தியாயத்தை அவரது அபிமானிகள் சிலர் விரைவாகக் கடந்துவிடுவார்கள். நான் அப்படிச் செய்ய விரும்பவில்லை. ஏனெனில் இங்கேதான் முதல் பாடம் இருக்கின்றது. தமிழ் விடுதலை அரசியலை ஆதரித்த அதே மனிதர்தான் பின்னர் முஸ்லிம்களுக்குத் தனியான கட்சி வேண்டும் என்றார், அதன் பின்னர் எல்லா இனங்களையும் இணைக்கும் கட்சி வேண்டும் என்றார். நிலைப்பாடு மாறியது. ஆனால் ஒவ்வொரு மாற்றத்தையும் அவர் மக்கள் முன் வந்து, காரணம் சொல்லி, மணிக்கணக்கில் வாதாடினார். கேட்டவர்கள் ஏற்றிருக்கலாம், மறுத்திருக்கலாம். ஆனால் இரவில் ஒரு முடிவெடுத்து காலையில் மக்களுக்கு அறிவிக்கும் அரசியலாக அது இருக்கவில்லை. ஒரு கட்சி தன் வழியை மாற்றுவது தவறல்ல. மாற்றிய காரணத்தை வாக்காளருக்குச் சொல்லாமல் இருப்பதுதான் தவறு.

1981 செப்டெம்பர் 21 ஆம் திகதி காத்தான்குடியில் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் ஒரு சிறிய பிராந்திய அமைப்பாக உருவானது. 1985 ஏப்ரலில் கிழக்கில் தமிழ், முஸ்லிம் மக்களுக்கிடையே கலவரம் மூண்டது. பல தலைமுறைகளாக அருகருகே வாழ்ந்த ஊர்கள் ஒன்றையொன்று பார்த்துப் பயந்தன. அஷ்ரபும் கல்முனையை விட்டுக் கொழும்புக்குச் செல்ல நேர்ந்தது. 1986 நவம்பரில் கொழும்பில் கூடிய மாநாடு காங்கிரஸை ஒரு தேசிய அரசியல் கட்சியாக அறிவித்தது. தலைமை அவரிடம் வந்தது.

அடுத்த ஆண்டு, 1987 ஜூலை 29 ஆம் திகதி, இந்திய இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தானது. வடக்கும் கிழக்கும் இணைக்கப்பட்டன. கிழக்கில் மூன்றில் ஒரு பங்களவில் இருந்த முஸ்லிம்கள், இணைந்த மாகாணத்தில் ஒரு சிறு தொகையினராக மாறினார்கள். அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. ஒப்பந்தத்தில் அவர்கள் ஒரு தரப்பாக இருக்கவில்லை. பெரிய கட்சிகளில் இருந்த எமது பிரதிநிதிகளால் அதைத் தடுக்கவும் முடியவில்லை, திருத்தவும் முடியவில்லை. முஸ்லிம் காங்கிரஸ் ஏன் அவ்வளவு வேகமாக வளர்ந்தது என்று கேட்பவர்களுக்கு எனது பதில் இதுதான். எம்மைப் பற்றி எம்மைக் கேளாமல் முடிவெடுக்கப்பட்டது என்ற காயம் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது. அந்தக் காயத்துக்கு ஒரு வாக்குச்சீட்டு தேவைப்பட்டது.

1988 பெப்ரவரியில் கட்சி அங்கீகாரம் பெற்றது. சின்னம் மரம். அந்த ஆண்டு நவம்பரில் இணைந்த வடகிழக்கு மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தபோது நாட்டில் துப்பாக்கியே பேசிக்கொண்டிருந்தது. தேர்தலைப் பகிஷ்கரிக்கச் சொல்லி மிரட்டல்கள் வந்தன. வேட்பாளராக நிற்பதும் ஆபத்து, வரிசையில் நின்று வாக்களிப்பதும் ஆபத்து. அந்த நிலையிலும் மக்கள் சென்று வாக்களித்தார்கள். 71 ஆசனங்களில் 17 ஐ முஸ்லிம் காங்கிரஸ் பெற்று எதிர்க்கட்சியானது. உயிரைப் பணயம் வைத்து அளிக்கப்பட்ட வாக்குகள் அவை. இன்று அந்த வாக்கின் பெயரால் பேசுவோர் அதன் எடையை நினைத்துப் பார்க்கவேண்டும்.

இனி அவரது வாழ்வில் நான் மிக முக்கியமானதாகக் கருதும் நிகழ்வுக்கு வருகின்றேன். அது மேடையில் நடந்ததல்ல. ஒரு கணக்கில் நடந்தது.

1978 அரசியலமைப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொண்டுவந்தது. சிறிய கட்சிகளுக்கு நன்மை தரவேண்டிய முறை அது. ஆனால் அதற்குள் ஒரு வாசற்படி உயரமாக வைக்கப்பட்டிருந்தது. ஒரு மாவட்டத்தில் அளிக்கப்பட்ட செல்லுபடியான வாக்குகளில் எட்டில் ஒரு பங்கை, அதாவது 12.5 வீதத்தைப் பெறாத கட்சிக்கு அந்த மாவட்டத்தில் ஆசனமே இல்லை. இதைத்தான் வெட்டுப்புள்ளி என்கின்றோம். இரண்டு இலட்சம் செல்லுபடியான வாக்குகள் விழும் மாவட்டம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 24,000 வாக்குகள் பெற்ற கட்சியும் வெறுங்கையோடு போகவேண்டும். அந்த 24,000 பேரும் வாக்களிக்காதவர்களுக்குச் சமம்.

1988 டிசெம்பர் 19 ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல். ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்பாளர் ஆர். பிரேமதாச, அப்போது பிரதமர். போட்டி கடுமையாக இருந்தது. முஸ்லிம் காங்கிரஸின் ஆதரவு அவருக்குத் தேவைப்பட்டது. அஷ்ரபுக்கு அப்போது ஓர் அமைச்சுப் பதவியைக் கேட்டிருக்கலாம், தன் ஊருக்கு ஒரு கட்டடத்தைக் கேட்டிருக்கலாம். அவர் கேட்டது வெட்டுப்புள்ளியைக் குறைக்க வேண்டும் என்பது. ஆளும் கட்சியிடம் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டுக்கு மேற்பட்ட பலம் இருந்தது, ஆகவே தேர்தல் முடியட்டும் பார்க்கலாம் என்று சொல்ல அதற்குக் காரணமும் இல்லை. அரசியலமைப்பின் 15 ஆவது திருத்தம் நிறைவேறியது. வெட்டுப்புள்ளி 12.5 வீதத்திலிருந்து 5 வீதமானது. திருத்தம் சான்றுப்படுத்தப்பட்டது டிசெம்பர் 17 ஆம் திகதி. வாக்களிப்பு 19 ஆம் திகதி. பிரேமதாச 50.43 வீத வாக்குகளோடு வென்றார்.

அந்தத் திகதிகளை மீண்டும் ஒருமுறை பாருங்கள். வாக்குறுதி நிறைவேறியது 17 இல். வாக்கு அளிக்கப்பட்டது 19 இல். பொருளைக் கையில் வாங்கிய பிறகுதான் பணம் கொடுத்தார் அந்தச் சட்டத்தரணி. அதற்குப் பின் எமது கட்சிகள் எத்தனை உடன்படிக்கைகளில் கைச்சாத்திட்டிருக்கின்றன? பெரும்பாலும் எல்லாமே தேர்தலுக்குப் பின் செய்யப்படும் என்ற வாக்குறுதிகள். வாக்கு முதலில் போய்விடும். பொருள் வருமா வராதா என்பது கொடுத்தவனின் மனச்சாட்சியைப் பொறுத்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தத் திருத்தம் முஸ்லிம்களுக்கு மாத்திரம் உரியதல்ல. தெற்கில் உள்ள சிறிய சிங்களக் கட்சிகளும், வடக்கு கிழக்கின் தமிழ்க் கட்சிகளும், மலையகக் கட்சிகளும், இடதுசாரிகளும் அந்த வாசலால் உள்ளே வரலாம். ஒரு சிறுபான்மைக் கட்சி தன் மக்களின் தேவையை முன்வைத்துப் பேசி, முழு நாட்டுக்கும் பொதுவான ஒரு நீதியைப் பெற்றுக்கொடுக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது. இனவாதம் என்று அவரைக் குற்றம் சாட்டியவர்களும் அந்த வாசலைப் பின்னர் பயன்படுத்தவே செய்தார்கள்.

1989 பெப்ரவரிப் பொதுத் தேர்தலில் முஸ்லிம் காங்கிரஸ் நாடு முழுவதும் இரண்டு இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட வாக்குகளோடு 4 ஆசனங்களைப் பெற்றது. திகாமடுல்ல மாவட்டத்திலிருந்து அஷ்ரப் பாராளுமன்றம் சென்றார். அவர் சென்ற காலம் கொடுமையானது. 1990 ஓகஸ்ட் 3 ஆம் திகதி இரவு காத்தான்குடியின் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சில நாட்களில் ஏறாவூரிலும் படுகொலை. ஒக்டோபரில் வடக்கிலிருந்து பல்லாயிரக்கணக்கான முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். நான்கு உறுப்பினர்களைக் கொண்ட ஒரு கட்சியால் துப்பாக்கிகளை நிறுத்த முடியாது. அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஆனால் தன் மக்களுக்கு நேர்ந்ததை நாட்டின் உயர் சபையில் பதிவு செய்வதும், இளைஞர்கள் ஆயுதத்தின் பக்கம் போய்விடாமல் அரசியலின் பக்கம் நிறுத்திவைப்பதும் ஒரு கட்சியின் கடமை. அந்த இரண்டிலும் அவரது பங்கு பெரிது. அந்தக் கோபத்தை வேறு வழியில் திருப்பிவிட ஒரு தலைவருக்கு அன்று ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை.

1994 ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் கிழக்கில் உள்ளூராட்சித் தேர்தல் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் சபைகள் அனைத்தையும் தமது கட்சி வெல்லும் என்றும், ஒன்றையேனும் இழந்தால் பாராளுமன்ற உறுப்பினர் பதவியைத் துறப்பதாகவும் அவர் பகிரங்கமாகச் சவால் விட்டார். ஒரு சபை கைநழுவிப் போனது. அவர் பதவியைத் துறந்தார்.

அது நாடகம் என்றார்கள் சிலர். எப்படியும் அந்த ஆண்டு பொதுத் தேர்தல் வரப்போகின்றது, அவருக்கு இழப்பு ஒன்றுமில்லை என்றும் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் நான் அதை வேறு விதமாகப் பார்க்கின்றேன். அவர் கொடுத்த வாக்கு அளக்கக்கூடியதாக இருந்தது. சபைகளின் எண்ணிக்கையை எந்த வாக்காளரும் விரல்விட்டு எண்ணலாம். தவறினால் என்ன விலை என்பதும் முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது. அந்த விலையை மற்றவர் கொடுக்கவில்லை, சொன்னவரே கொடுத்தார். எமது நாட்டில் சொன்ன சொல்லுக்காக ஆசனத்தை விட்டவர்களை எண்ண எத்தனை விரல்கள் வேண்டும்?

அதே ஆண்டு ஓகஸ்டில் பொதுத் தேர்தல். பொதுஜன ஐக்கிய முன்னணிக்கு 105 ஆசனங்கள், ஐக்கிய தேசியக் கட்சிக்கு 94. பெரும்பான்மைக்கு வேண்டியது 113. முஸ்லிம் காங்கிரஸின் 7 ஆசனங்களும் மலையகத்தின் ஓர் ஆசனமும் சேர, கணக்கு சரியாக 113 ஆனது. சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்க ஆட்சி அமைத்தார். பேரம் பேசும் சக்தி என்று மேடைகளில் இன்றும் சொல்லப்படும் சொல்லுக்கு உண்மையான பொருள் இருந்த நாட்கள் அவை. அஷ்ரப் கப்பல், துறைமுகங்கள், புனர்வாழ்வு, புனரமைப்பு அமைச்சரானார்.

அமைச்சராக அவர் செய்தவற்றை நான் மூன்றாகப் பிரித்துப் பார்க்கின்றேன்.

ஒன்று, தென்கிழக்குப் பல்கலைக்கழகம். போர்ச் சூழலில் எமது பிள்ளைகளால் வந்தாறுமூலைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ சென்று படிக்க முடியாத நிலை இருந்தது. 1995 ஒக்டோபரில் பல்கலைக்கழகக் கல்லூரியாக ஆரம்பித்து, 1996 மே மாதம் முழுமையான பல்கலைக்கழகமாக அது உயர்ந்தது. ஒலுவிலில் இன்று மூவின மாணவர்களும் படிக்கின்றார்கள். ஆட்சிகள் மாறின, கட்சிகள் உடைந்தன, அது நிலைத்து நிற்கின்றது. சட்டத்தால் உருவாக்கப்பட்ட ஒரு நிறுவனம் எந்த அரசியல்வாதியின் தயவும் இன்றி வாழும்.

இரண்டு, தொழில்கள். துறைமுகத்தில் கிழக்கு இளைஞர்கள் பலருக்கு அவர் வேலை கொடுத்தார். அதுவரை புறக்கணிக்கப்பட்ட ஒரு மாகாணத்துக்கு அது நியாயமான பங்கு என்பதை மறுக்க முடியாது. அந்தச் சம்பளத்தில் எத்தனையோ குடும்பங்கள் தலைநிமிர்ந்தன. ஆனால் அதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். அமைச்சர் என்றால் தொழில் தருபவர், கட்சி என்றால் தொழிலுக்கான கடிதம் என்ற எண்ணம் எமது வாக்காளரிடம் ஆழமாக வேரூன்றியது. அவருக்குப் பின் வந்தவர்கள் அரசியலில் மற்றெல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டார்கள். வாக்காளரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

மூன்று, ஒலுவில் துறைமுகம். அது அவரது பெருங்கனவு. அவர் மறைந்து எட்டு ஆண்டுகளின் பின், 2008 இல்தான் கட்டுமானம் ஆரம்பித்தது. 2013 செப்டெம்பரில் திறக்கப்பட்டது. நடந்தது என்ன? துறைமுக வாயிலை மணல் அடைத்தது, கரையைக் கடல் அரித்தது. தென்னந்தோப்புகளும் கரையோரக் காணிகளும் போயின. மீனவர் வாழ்வு கேள்விக்குறியானது. இதற்கு மறைந்த மனிதரைக் குறை கூறுவது அநியாயம். ஆனால் ஒரு கனவுக்கு அவரது பெயர் இருக்கின்றது என்பதற்காகவே, கடல் நீரோட்டம் பற்றி எவரும் உரத்துக் கேள்வி கேட்காமல் இருந்ததும் அநியாயம்தான். என்ன கட்டித் தருவீர்கள் என்று கேட்கும் வாக்காளர், கட்டினால் என்ன நடக்கும் என்று ஆராய்ந்தீர்களா என்பதையும் கேட்கவேண்டும்.

கடைசி ஆண்டுகளில் அவரது பார்வை விரிந்தது. முஸ்லிம்களுக்கு மாத்திரமான கட்சி ஒரு கட்டம் வரைதான் பயணிக்க முடியும் என்று உணர்ந்தவராக, தேசிய ஐக்கிய முன்னணியை உருவாக்கினார். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே கட்சியில் இருக்கவேண்டும் என்பது அதன் நோக்கம். அதை அவரால் முழுமையாக நடத்திக்காட்ட முடியவில்லை. 2000 செப்டெம்பர் 16 ஆம் திகதி கொழும்பிலிருந்து அம்பாறை நோக்கிச் சென்ற ஹெலிகொப்டர் அரநாயக்கவுக்கு அருகே ஊரகந்த மலைப்பகுதியில் வீழ்ந்தது. அதில் பயணித்த அனைவரோடும் அவரும் வபாத்தானார். வயது 51. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். 24 நாட்களின் பின் நடந்த பொதுத் தேர்தலில் மக்கள் கண்ணீரோடு சென்று வாக்களித்தார்கள். தேசிய ஐக்கிய முன்னணி 4 ஆசனங்களைப் பெற்றது.

அதன் பின் நடந்தது எல்லோருக்கும் தெரியும். தலைமைக்கு இருவர், பிறகு இரண்டு கட்சிகள், பிறகு மூன்று, நான்கு. 1994 இல் ஓர் ஆட்சியின் கணக்கைத் தீர்மானித்த பலம், தனித்தனியாகப் போய் அமைச்சு வாங்கும் பலவீனமாக மாறியது. இதற்குப் பின் வந்தவர்களை மட்டும் குறை சொல்வது இலகு. ஆனால் அவரது காலத்திலேயே கட்சி அவரைச் சுற்றித்தான் சுழன்றது. முடிவுகள் அவரிடமே இருந்தன. கருத்து முரண்பட்ட மூத்தவர்கள் சிலர் அப்போதே வெளியேறினார்கள். அவர் ஒரு பெரிய தலைவரை எமக்குத் தந்தார். தலைவர் இல்லாத நாளிலும் நடக்கக்கூடிய ஒரு கட்சியைத் தரவில்லை. அவகாசம் கிடைத்திருந்தால் தந்திருப்பாரோ என்னவோ. கிடைக்கவில்லை.

அந்தக் குறையின் விலையை நாம் 2020 ஒக்டோபரில் கொடுத்தோம். எமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டுக்கொண்டிருந்த நாட்கள். ஜனாதிபதிக்கு அதிகாரத்தைக் குவிக்கும் 20 ஆவது திருத்தம் பாராளுமன்றத்துக்கு வந்தது. முஸ்லிம் கட்சிகளின் தலைவர்கள் எதிராக வாக்களித்தார்கள், அவர்களது கட்சி உறுப்பினர்கள் பலர் ஆதரவாக வாக்களித்தார்கள். வாக்களித்த மக்களுக்கு அதில் எது கட்சியின் முடிவு என்று இன்றுவரை தெளிவாகச் சொல்லப்படவில்லை. பிள்ளையின் மையித்தைக் கண்ணால் பார்க்கவும் முடியாமல் நின்ற பெற்றோரின் வாக்குகளும் அந்த ஆசனங்களில் இருந்தன.

ஆகவே அடுத்த தேர்தலில் எந்தக் கட்சி எமது வாசலுக்கு வந்தாலும், அது முஸ்லிம் கட்சியாக இருந்தாலும் தேசியக் கட்சியாக இருந்தாலும், ஐந்து விடயங்களை எதிர்பார்க்க எமக்கு உரிமை இருக்கின்றது.

முதலாவது, எண்ணிப் பார்க்கக்கூடிய வாக்குறுதி. உரிமையைப் பெற்றுத் தருவோம் என்பதை எண்ண முடியாது. எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவு, எந்தக் காணிப் பிரச்சினை, எத்தனை மாதத்தில் என்பதை எண்ணலாம்.

இரண்டாவது, உடன்படிக்கையின் பிரதி. பெரிய கட்சியோடு கூட்டுச் சேர்ந்தால் என்ன எழுதிக் கைச்சாத்திட்டீர்கள் என்பதை வாக்களிப்புக்கு முன் மக்கள் வாசிக்கவேண்டும். முன்கூட்டியே பெறக்கூடியதைப் பின்னால் தருவதாகச் சொன்னால் ஏன் என்று கேட்கவேண்டும்.

மூன்றாவது, தேசியப்பட்டியல் பற்றிய நேர்மை. ஒரே ஆசனத்தை நான்கு ஊர்களுக்கு வாக்களித்துவிட்டு, வென்ற பின் சுழற்சி முறை என்று சமாளிப்பது வியாபாரம். யாருக்கு, எவ்வளவு காலத்துக்கு என்பதைத் தேர்தலுக்கு முன்னர் எழுத்தில் தரட்டும்.

நான்காவது, பணத்தின் கணக்கு. 2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டத்தின்படி, முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் வேட்பாளர் தனது வரவு செலவைச் சமர்ப்பிக்க வேண்டும். எம் ஊரில் அரிசி மூட்டை கொடுத்தவரின் கணக்கில் அந்த மூட்டை இருக்கின்றதா என்று பார்ப்பது எமது கடமை.

ஐந்தாவது, தலைவரைத் தாண்டிய கட்சி. முக்கியமான வாக்கெடுப்பில் எப்படி வாக்களிப்பது என்பதை யார், எந்தக் கூட்டத்தில் தீர்மானிக்கின்றார்கள்? அதை மீறியவருக்கு என்ன நடக்கும்? இதற்குப் பதில் இல்லாத கட்சிக்கு நாம் அளிப்பது, தனி மனிதர் சிலர் தம் விருப்பப்படி பேரம் பேசுவதற்கான அனுமதியைத்தான்.

இவற்றைக் கேட்டால் ஊரில் கெட்ட பெயர் வரலாம். சமூகத்தின் ஒற்றுமையைக் குலைப்பதாகச் சொல்வார்கள். மரியாதையாக ஒரு பதில் சொல்லுங்கள்: தவறினால் பதவி துறப்பேன் என்று சொல்லி, தவறியபோது துறந்த ஒருவரின் படத்தைத்தான் நீங்கள் சுவரில் ஒட்டியிருக்கின்றீர்கள். அந்தப் படத்துக்குக் கீழே உங்கள் வாக்குறுதியையும், அது தவறினால் நீங்கள் கொடுக்கப்போகும் விலையையும் எழுதிக் கையொப்பமிடுங்கள். பிறகு வாக்குக் கேளுங்கள்.

வல்ல அல்லாஹ் மர்ஹூம் அஷ்ரபின் நற்பணிகளை ஏற்றுக்கொண்டு, பிழைகளைப் பொறுத்து, மேலான சுவனத்தை வழங்குவானாக.